முதல் நிமிடத்துக்கான பயிற்சி

பிரசவத்தில் தாய் உயிரிழக்கும் காரணங்கள் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. பிள்ளை பிறந்தபின் நிற்காத உதிரப்போக்கு, இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, கிருமித்தொற்று ஆகிய மூன்றும் எல்லாப் பட்டியலிலும் முன்னால் நிற்கும். சிசுவின் பக்கம் மூச்சு வராமல் போவது, குறைமாதப் பிறப்பு, கிருமித்தொற்று. இவற்றில் பலவற்றை முதல் கட்டத்திலேயே தடுத்து நிறுத்தப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆக்சிடோசின் ஊசி, மக்னீசியம் சல்பேட், உலர்ந்த இரண்டு துணிகள், மூச்சுக் கொடுக்கும் அம்பு பை போதும். விலை அதிகமில்லாத இந்தப் பொருள்களைச் சரியான நிமிடத்தில் எடுத்துப் பயன்படுத்தப் பழகிய கை அந்த நேரத்தில் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கையை உருவாக்குவதும், உருவாக்கியபின் அது மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சியின் வேலை. இரண்டாவதுதான் கடினம், பணமும் கவனமும் என்னவோ முதலாவதற்கே போகின்றன.

வசதி குறைந்த இடம் என்றதும் மலைக்கிராமமும் ஒற்றையடிப் பாதையும்தான் நினைவுக்கு வரும். சென்னைக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் அந்தக் காட்சி கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் கைபேசித் தயாரிப்பு நடக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆனால் அரசு சுகாதாரக் கட்டமைப்பு நிறுவனங்களின் முதலீட்டைப் பார்த்து வளர்வதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடு முழுவதற்குமான பொதுக்கணக்கு. வாடகை அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் விடுதிகளிலும் ஆண்டுதோறும் வந்து போகிறவர்கள் இந்தக் கணக்கில் முழுதாக ஏறுவதில்லை. கட்டடம் கட்ட வந்த பீகார் குடும்பத்துக் கர்ப்பிணிக்கும் பரம்பரையாக அதே ஊரில் வாழும் கர்ப்பிணிக்கும் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான். பணம் புழங்கும் இடத்திலும் பராமரிக்க ஆள் குறையலாம் என்பதற்கு இந்த வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பயிற்சி புதிதன்று. சென்னையில் 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனையே பின்னாளில் எழும்பூர் தாய்-சேய் மருத்துவமனையாக வளர்ந்தது. மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்குச் சென்னையில் 1854இல் அரசு அனுமதி கொடுத்தது. 1939இன் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தில் தாய்-சேய் நலத்துக்கென்று தனிப் பகுதியே உண்டு. பிற மாநிலங்களில் ஆஷா பணியாளர்கள் செய்யும் பல வேலைகளை இங்கே, மலைப்பகுதிகள் நீங்கலாக, முறையாகப் படித்த கிராம சுகாதார செவிலியர்கள் செய்கிறார்கள். அதைவிட முக்கியமான திருப்பம் 2000களின் நடுவில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை அமர்த்தி, எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று இரவும் பகலும் பிரசவம் பார்க்க வழி செய்தார்கள். சிக்கலான பிரசவங்களுக்கு 'சீமாங்க்' என்று மருத்துவ வட்டாரத்தில் சொல்லப்படும் அவசர மகப்பேறு மையங்கள் பெரிய மருத்துவமனைகளில் உருவாயின. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018–20இல் 54 ஆனது. அதே காலத்தில் இந்தியாவின் விகிதம் 301இலிருந்து 97 ஆகக் குறைந்தது. 2019–21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடந்தன. வீட்டில் பிரசவம் என்ற பழைய சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மருத்துவ நிலையத்துக்கு வந்து சேர்ந்த பெண்ணுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதுதான் இனிப் பார்க்கவேண்டியது.

செவிலியர்களுக்கான திறன்மிகு பிரசவப் பயிற்சி 21 நாள். பிறந்த குழந்தைக்கான அடிப்படைப் பயிற்சி 2009இல் மத்திய அரசு தொடங்கிய நவ்ஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இரண்டு நாள். இந்த இரண்டு நாளில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் பயிற்சியின் இயல்பு புரியும். மேசைமேல் குழந்தை அளவில் ஒரு பொம்மை. பயிற்றுநர் ஒருவர் அதைத் துணியோடு செவிலியரின் கையில் கொடுத்து, "அழவில்லை" என்று மட்டும் சொல்வார். அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். உடம்பைத் துடைக்க வேண்டும். ஈரத்துணியை அகற்றி உலர்ந்த துணியில் போர்த்த வேண்டும். முதுகைத் தேய்த்துத் தூண்ட வேண்டும். அப்போதும் மூச்சில்லை என்றால், பிறந்து ஒரு நிமிடம் முடிவதற்குள் அம்பு பையால் மூச்சுக் கொடுத்தாக வேண்டும். தலை அதிகம் மடங்கினாலும் அதிகம் நிமிர்ந்தாலும் காற்று உள்ளே போகாது. முகமூடி மூக்கையும் வாயையும் மூடவேண்டும், கண்ணை அழுத்தக்கூடாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பொம்மையின் மார்பு எழும்பினால்தான் வெற்றி. பெரும்பாலோருக்கு முதல் முயற்சியில் எழும்பாது. முகமூடியின் ஓரத்தில் காற்று கசியும். விரல்களை எப்படி வைத்தால் கசிவு நிற்கும் என்பது எந்தப் புத்தகத்தைப் படித்தும் வராது. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மூச்சு விட ஏதாவது உதவி தேவைப்படும். அவற்றில் பெரும்பாலானவை துடைத்துத் தூண்டியதிலேயே அழுதுவிடும். ஆகவே அம்பு பை தேவைப்படும் தருணம் சிறிய நிலையத்துச் செவிலியருக்கு எப்போதாவதுதான் வரும். அதனாலேயே அவருக்கு அது மறந்துபோகிறது.

உதிரப்போக்கு வேறு விதமான பாடம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் போட வேண்டும். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பிறகு வயிற்றின்மேல் கைவைத்து கருப்பை சுருங்கிக் கெட்டியாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மிகக் கடினமானது இரத்தத்தை அளப்பது. கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது அனுபவசாலிகளும் குறைத்தே சொல்வார்கள், ஏனென்றால் துணியும் பஞ்சும் விரிப்பும் இரத்தத்தை உறிஞ்சி மறைத்துவிடும். 500 மில்லி தாண்டினால் ஆபத்து என்ற விதி தெரிந்திருந்தும் 500 எப்படி இருக்கும் என்பது தெரியாமல் போகிறது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் இடுப்புக்கீழே வைத்தால் இந்தத் தடுமாற்றம் நீங்கும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் இந்த விரிப்பையும், அளவு தாண்டியதும் செய்யவேண்டிய சிகிச்சைகளை ஒரே தொகுப்பாகச் செய்வதையும் சொல்லிக்கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி கடும் உதிரப்போக்கும் அதனால் வந்த அறுவையும் சாவும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. வழக்கமான முறையைத் தொடர்ந்த மருத்துவமனைகளில் பாதியளவே கண்டுபிடிக்கப்பட்ட உதிரப்போக்கு இங்கே 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது.

பயிற்சி பெற்ற எளிய பணியாளரால் என்ன முடியும் என்பதை இந்தியாவிலேயே காட்டியவர்கள் உண்டு. மராட்டியத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் 1990களில் கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்கு வீடு போகவைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிட்டுப் பார்த்த கிராமங்களைவிட 62 சதவீதம் குறைவாக இருந்தது. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் துணைச் செவிலியர்கள் 1,620 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. பிரசவம் ஆனதும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 12 சதவீதம் பேருக்கும் உதிரப்போக்கு ஏற்பட்டது. இரத்தத்தை அளக்க அவர்களும் அளவுக்கோடு போட்ட விரிப்பைத்தான் பயன்படுத்தினார்கள்.

பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உத்தரப் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 120 சுகாதார நிலையங்களில் பாதியில் பயிற்றுநர்கள் மாதக்கணக்கில் நேரில் போய், உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பழக்கினார்கள். பயிற்சி தொடங்கிய இரண்டு மாதத்தில் அந்த நிலையங்களில் செய்யவேண்டிய செயல்களில் ஏறக்குறைய 73 சதவீதம் நடந்தது, மற்ற நிலையங்களில் 42 சதவீதம். கைகழுவுவதும் ஊசி போடுவதும் திருந்தின. ஆனால் தாய் இறப்போ சிசு இறப்போ குறையவில்லை. 2017இல் வெளியான இந்த முடிவு பலரைச் சோர்வடையச் செய்தது. மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழியும், இரத்தமும், அறுவை வசதியும் பின்னால் இல்லாதபோது முதல் நிமிடத்துக் கை மட்டும் திருந்தினால் போதாது என்றுதான் இதைப் படிக்கவேண்டும்.

தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனையில் கிடைத்த பாடம் இதைவிடப் பயனுள்ளது. குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க ஒருநாள் பயிற்சி அளித்தபின் பொம்மையிடம் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். உண்மையான பிரசவ அறையில் எதுவும் மாறவில்லை. பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறையிலேயே வைத்து, பணிக்கு வருபவர்கள் சில நிமிடங்கள் அடிக்கடி பழகும்படி செய்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள். ஒரகடத்துக் கார் ஆலைகளுக்கு இது சொல்லித் தெரியவேண்டிய செய்தியல்ல. புதிதாக வந்த தொழிலாளியை டோஜோ எனப்படும் பயிற்சி அறையில் பழக்காமல் லைனில் நிறுத்தமாட்டார்கள். தீ அணைப்பு ஒத்திகையும் அவ்வப்போது நடத்துவார்கள். பிரசவ அறையில் மட்டும் இரண்டு நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் போதும் என்று எப்படித் தோன்றியதோ.

இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர்தான் என்பதையும் பயிற்சித் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. குழந்தை அழவில்லை, அதே நேரம் தாய்க்கு உதிரம் கொட்டுகிறது என்றால் இரண்டு உயிருக்கு இரண்டு கைதான். அப்போது கூட இருப்பவர் ஆயாவோ துப்புரவுப் பணியாளரோதான். கருப்பையைத் தேய்த்துக்கொண்டே இருக்கவும், 108க்கு என்ன சொல்லவேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தால் செவிலியரின் கை குழந்தைக்குக் கிடைக்கும். ஒத்திகையில் அவரையும் சேர்த்துக்கொள்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

தொழிற்பட்டையில் இன்னும் சில சிக்கல்கள் சேர்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள் செவ்வாய்க்கிழமை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது ஒருநாள் சம்பளம். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள், இல்லாதவர்கள் இன்னொரு பக்கம். தமிழ்ப் பெண்கள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவார்கள். ஏழு மாதம் இங்கே பார்த்த அழுத்தமும் இரத்த அளவும் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணோடு கூடப் போகாவிட்டால் அந்த ஊர்ச் செவிலியர் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். வடக்கிலிருந்து வந்த பெண்களுக்குப் போகத் தாய்வீடு பக்கத்தில் இல்லை, பிரசவ அறையில் துணைக்கு நிற்க மாமியாரும் இல்லை. தலைவலியும் கண் மங்கலும் வலிப்புக்கு முன்னறிகுறி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்காவது இந்தியோ ஒடியாவோ செவிலியருக்கு வேண்டும். மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்பில் இதற்கு அரைமணி ஒதுக்கலாம்.

மேல்சிகிச்சைக்கு அனுப்புவதும் பயிற்சிக்கு உரியதே. ஸ்ரீபெரும்புதூரில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கும் மேலே போகவேண்டிய தாய்க்கு காஞ்சிபுரம், செங்கல்பட்டு, எழும்பூர் ஆகிய எல்லாமே 30 கிலோமீட்டருக்கு மேல். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையையும் பெங்களூரு நெடுஞ்சாலையையும் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் 140/90ஐத் தாண்டியதும் அனுப்புவதும் வலிப்பு வந்தபின் அனுப்புவதும் ஒன்றாகாது. வலிப்பு கண்டுவிட்டால் மக்னீசியம் சல்பேட் முதல் டோசை, இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். வண்டி ஏறியதும் சேரும் இடத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்: என்ன வயது, எத்தனையாவது பிரசவம், அழுத்தம் என்ன, என்ன மருந்து எத்தனை மணிக்குப் போட்டது. நான்கு வரிதான். பதற்றத்தோடு பேசும்போது இதில் இரண்டு வரி விட்டுப்போகும். ஒத்திகை பார்த்தவர்களுக்கு விட்டுப்போவதில்லை.

இறப்பு நேர்ந்தபின் நடக்கும் ஆய்வும் ஒரு பயிற்சிதான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிந்து ஆராயும் வழக்கம் 1990களிலேயே வந்துவிட்டது. வீட்டில் எவ்வளவு நேரம் தாமதமானது, வழியில் எவ்வளவு, மருத்துவமனைக்குள் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பார்கள். யாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவது என்ற எண்ணத்தோடு கூட்டம் நடந்தால் ஏடுகள் திருத்தப்படும், உண்மை வெளிவராது. எந்த இடத்தில் எந்த நிமிடம் தவறியது என்று கேட்டு, அந்த நிமிடத்தையே அடுத்த மாத ஒத்திகையின் பாடமாக வைக்கும் மாவட்டங்களில் ஆய்வுக்கும் பிரசவ அறைக்கும் தொடர்பு ஏற்படுகிறது. அந்த ஒத்திகையை நடத்த ஒரு பொம்மை, ஒரு விரிப்பு, ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் இருந்தால் போதும்.