கழிப்பறை வழியாக வரும் வெள்ளம்: கடையும் வீடும் ஒன்றாக உள்ளவர்கள் கவனத்திற்கு

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் நம் வணிகர்கள் முதலில் செய்வது கடை வாசலில் மணல் மூட்டை அடுக்குவதுதான். தெருத் தண்ணீரைத் தடுக்க அது போதும். ஆனால் சென்னையில் 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல கடைகளில் வாசல் மூட்டை வைத்த இடத்திலேயே இருக்க, தண்ணீர் பின்கட்டிலிருந்து வந்தது. கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறைத் தரைச் சல்லடையிலும் சாக்கடை பொங்கி, சமையலறையைக் கடந்து, அரிசி மூட்டை வரை சேர்ந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு என்று வாழும் நம்மவர்களுக்கு இது இரட்டை நஷ்டம்.

இந்தத் தண்ணீர் ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் தடுக்க வழி தெரியும். சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, பாதாள சாக்கடை வேறு. முன்னது மாநகராட்சியின் பொறுப்பு. பின்னது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பாதாள சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீரை மட்டும் கணக்கிட்டுப் போடப்பட்டது. மழைநீரைச் சுமக்க அதற்குச் சக்தி கிடையாது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும் யாராவது கடப்பாரை கொண்டு மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்து விடுகிறார்கள். தெருத் தண்ணீர் சடசடவென்று வடிவதைப் பார்த்து எல்லோரும் பாராட்டவும் செய்கிறார்கள். வடிந்த தண்ணீர் மாயமாகிவிடுவதில்லை. குழாய் நிரம்பி, நீரேற்று நிலையத்து மோட்டார் இழுக்க முடியாமல் திணறி, அந்தத் தெருவிலேயே தாழ்வான கழிப்பறை எதுவோ அதன் வழியாக வெளியே வருகிறது. திறந்த மேன்ஹோலில் ஆள் விழும் அபாயம் தனி.

இதில் நம் பங்கும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மொட்டை மாடி மழைநீர்க் குழாயைப் பாதாள சாக்கடையில் சேர்த்துவிட்ட கட்டிடங்கள் எல்லாக் கடைத்தெருவிலும் இருக்கின்றன. கொத்தனாருக்கு அது சுலபமான வேலை. பக்கத்திலேயே சேம்பர் இருக்கிறது, சேர்த்துவிட்டார். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் தண்ணீர். தெருவில் இருபது கட்டிடங்கள் இப்படியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் குழாயைப் பிரித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விடுவது ஒரு நாள் வேலை. இன்னொன்று, வடிகால் மேல் நாம் போட்டிருக்கும் சிமெண்டுப் பலகையும் படிக்கட்டும். தூர் வார வருகிறவர்கள் நம் கடை வாசலை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். பலகையைக் கழற்றக்கூடிய துண்டுகளாகப் போட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

சாலை உயர்ந்துகொண்டே போவது நம் கையில் இல்லாத காரணம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் சாலை போடும்போது சுரண்டாமல் ஜல்லி கொட்டினால் அப்போதே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். போட்டு முடித்த பிறகு பேசிப் பயனில்லை.

உங்கள் கட்டிடத்துக்கு ஆபத்து உண்டா என்பதை அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபின் ஒரு முனையைத் தெரு மேன்ஹோல் மூடியருகேயும், மறுமுனையை உங்கள் கீழ்த்தளக் கழிப்பறையிலும் பிடியுங்கள். கழிப்பறைத் தளம் மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், தெருக்குழாய் நிரம்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டில் பொங்கும். புதுப்பித்துக் கட்டுகிறவர்கள் கழிப்பறையை மட்டுமாவது மூடி மட்டத்துக்கு மேல் உயர்த்திவிடுவது நிரந்தரத் தீர்வு. இரண்டு படி ஏறிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உயர்த்த முடியாதவர்களுக்கு நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. வீட்டுக் கடைசி சேம்பருக்கும் தெருக்குழாய்க்கும் இடையில், நம் எல்லைக்குள்ளேயே இதைப் பொருத்த வேண்டும். வெளியே போகும் தண்ணீருக்கு அதன் கதவு திறக்கும். திரும்பி வரும் தண்ணீருக்கு மூடிக்கொள்ளும். கையால் திருகி மூடும் வால்வும் உண்டு. ஆனால் நள்ளிரவில் மழை பெய்தால் எழுந்து போய் மூட ஆள் வேண்டும். தானே மூடும் வகையிலும் ஒரு தொல்லை உண்டு. துணி, முடி, பிளாஸ்டிக் உறை ஏதாவது சிக்கினால் கதவு முழுதும் மூடாது. எனவே கையை விட்டுச் சுத்தம் செய்யும்படி மேலே மூடியுள்ள சேம்பரில்தான் வைக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

பிளம்பர்கள் சொல்ல மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுக் கழிவுநீரும் வெளியே போகாது. மாடியில் குடியிருப்பவர் குளித்தாலும் துணி துவைத்தாலும் அந்தத் தண்ணீர் கீழ்த்தளக் கழிப்பறையில்தான் ஏறும். வால்வு வைத்தும் தண்ணீர் வந்துவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. மழை வெறிக்கும் வரை குழாயைத் திறக்க வேண்டாம் என்று மாடிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒன்றும் செய்யாமல் மழையில் மாட்டிக்கொண்டவர்கள், கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டி, துணி சுற்றிக் கழிப்பறைக் கோப்பையின் துவாரத்தில் அழுத்தி வைக்கலாம். தரைச் சல்லடைக்கும் அதே வைத்தியம். முழுதும் நிற்காது, சரக்கை மேலே ஏற்ற அவகாசம் கிடைக்கும். தண்ணீர் ஏறுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். பிளக் பாயிண்டுகளும் மீட்டர் பலகையும் தாழ்வாக இருந்தால் கோடையிலேயே உயர்த்திவிடுங்கள்.

அடைப்பு எடுக்க யாரையாவது கூப்பிட்டு மேன்ஹோலிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவது கூடவே கூடாது. விஷவாயு ஆளை நிமிடத்தில் சாய்த்துவிடும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு 1916, மாநகராட்சிக்கு 1913 என்ற எண்களில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இனி சரக்கு. தரையில் நேராக மூட்டை அடுக்கும் பழக்கம் போக வேண்டும். சாக்குப் பை விளக்குத் திரி போலத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு அங்குலத் தண்ணீருக்குக் கீழ் மூட்டை பாதிக்கு மேல் நனைந்துவிடும். மரப் பலகை அல்லது கல்லின் மேல் ஒரு அடியாவது உயர்த்துங்கள். உப்பு, சோப்பு, துடைப்பம் கீழே. அரிசி, பருப்பு, சர்க்கரை, மிளகாய் மேலே. சாக்கடைத் தண்ணீர் பட்ட அரிசியையும் பருப்பையும் வெயிலில் காயவைத்து விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அதில் மலக்கிருமி இருக்கும், எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பற்ற உணவை விற்பது தண்டனைக்குரியது. திருகு மூடி பாட்டில், எண்ணெய் பாக்கெட், அட்டைப் பெட்டிச் சரக்கு எல்லாம் கழிவுதான். நசுங்காத, உப்பாத தகர டின்களை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து எடுக்கலாம். தரைத்தொட்டியில் சாக்கடை கலந்திருந்தால் முழுவதும் இறைத்துத் தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டும்.

எறிந்த சரக்குக்குப் பணம் வருமா என்பது காப்பீட்டைப் பொறுத்தது. 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா என்று பொதுவான பாலிசிகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் வெள்ளச் சேதம் அடங்கும். சாக்கடை பின்வாங்கி வருவது எந்தக் கணக்கில் சேரும் என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்மொழி உதவாது. காப்புத் தொகையைப் பலர் ஆடி மாதச் சரக்கை வைத்துப் போடுகிறார்கள். வெள்ளம் வருவதோ தீபாவளி, பொங்கல் சரக்கு இறங்கும் நேரத்தில். 20 லட்சம் சரக்குக்கு 10 லட்சம் மட்டும் காப்பீடு இருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சமே கிடைக்கும். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவிருந்தால் இப்படிக் கழிப்பதில்லை.

வங்கிக் கடனுக்காக வங்கியே எடுத்த பாலிசியாக இருந்தாலும் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அடுத்த தெருவில் உள்ள கிடங்கின் முகவரி அதில் இல்லாவிட்டால் அங்கே நனைந்த சரக்குக்கு ஒன்றும் வராது. அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை ஜி.எஸ்.டி. சட்டப்படி திருப்ப வேண்டும். அந்த வரியையும் நஷ்டக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள். சர்வேயர் வருமுன் குப்பையை அகற்ற வேண்டிய நிலை வந்தால், தண்ணீர் ஏறிய அளவு சுவரில் தெரியும்படியும் மூட்டைகளை எண்ணும்படியும் புகைப்படம் எடுத்து, கொள்முதல் பில்களுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். பில் கட்டு கல்லாவின் கீழ் டிராயரில் இருந்தால், அதையும் இப்போதே மேலே எடுத்து வையுங்கள்.