கை இறுகினால் மனமும் இறுகும்



மாதம் இருபதாந் தேதி தாண்டிவிட்டால் லயத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "கடைக்குக் குடுக்கணும், சீட்டுக்குக் கட்டணும், மகனுக்குச் சப்பாத்து வாங்கணும். தலையே வேலை செய்ய மாட்டேங்குது."

இதை நாம் வாய்ப்பேச்சுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் அதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நலன்புரி வேலை செய்யும் நாங்கள் தோட்டங்களுக்கு வந்து, "சேமியுங்கள், சிக்கனமாக இருங்கள்" என்று பேசிவிட்டுப் போவது வழக்கம். ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி, "மிச்சம் இருந்தாத்தானே ஐயா சேமிக்கிறதுக்கு? எங்களுக்குப் புத்தி இல்லைன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலே இந்தக் கட்டுரை.

கரும்பு விவசாயிகள் காட்டிய பாடம்

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு வருமானத்தில் பெரும்பங்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. அறுவடை முடிந்து பணம் வந்தால் கொஞ்ச நாள் கை தாராளம். அடுத்த அறுவடை நெருங்கும்போது கை வறண்டுவிடும். செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் முதலிய ஆய்வாளர்கள் 54 கிராமங்களில் 464 விவசாயிகளைச் சந்தித்து, அறுவடைக்கு முன்பு ஒரு தடவையும் பின்பு ஒரு தடவையும் புதிர்க் கணக்குகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது.

அதே ஆள், அதே தலை. ஆனால் பணம் வந்த பின்பு சரியாகச் செய்த புதிர்கள் கூட. பணமில்லாத நாட்களில் குறைவு. அறுவடைக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின்பு அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான்.

இந்த ஆய்வைக் குறித்துக் கேள்வி எழுப்பிய அறிஞர்களும் உண்டு. இருந்தாலும் அது சொல்கிற விஷயம் நமக்குப் புதிதல்ல. ஏழைக்குப் புத்தி குறைவு என்பதில்லை. இல்லாமை வந்து மனதில் குந்திக்கொண்டால், மற்றக் காரியங்களுக்கு மனதில் இடம் குறைந்துவிடுகிறது. கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்து மலை ஏறுகிறவளிடம், "ஏன் வேகமாக நடக்கவில்லை?" என்று கேட்பது நியாயமா?

இறுகிய மனம் செய்யும் மூன்று காரியங்கள்

முதலாவது, இன்றைய நெருப்பை மட்டும் பார்க்க வைக்கும். இன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலையில், நகையை மீட்க வேண்டிய கடைசித் தேதி மறந்து போகும். பாடசாலையில் கொடுத்த விண்ணப்பம் அலுமாரி மேலேயே கிடக்கும். கிளினிக் நாள் தவறும். இவை சோம்பலால் வருகிறவை அல்ல. ஆனால் நட்டம் நமக்குத்தான்.

இரண்டாவது, விலை கூடிய கடனை வாங்க வைக்கும். நூற்றுக்குப் பத்து என்று மாத வட்டிக்கு 10,000 ரூபா வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபா வட்டி. பத்து மாதம் கட்டினால் 10,000 ரூபா போய்விட்டது. முதல் அப்படியே நிற்கிறது. கை தாராளமாக இருக்கும் நாளில் இந்தக் கணக்கை நமது பிள்ளையே போட்டுக் காட்டும். கை இறுகிய நாளிலோ, "இன்னைக்குக் காசு கெடைக்குதே, அது போதும்" என்றுதான் தோன்றும்.

மூன்றாவது, இதுதான் மிகக் கொடியது. "நமக்கெல்லாம் எங்க கெடைக்கப் போகுது?" என்ற எண்ணத்தை அது வளர்த்துவிடும். கணக்கில் கெட்டிக்காரியான மகளை, "ஓ.எல். எழுதினது போதும், கொழும்புக்கு வேலைக்குப் போ" என்று அனுப்பிவிடுகிறோம். அவள் தொடர்ந்து படித்தால் என்ன செலவாகும், என்ன உதவி கிடைக்கும் என்று யாரிடமும் விசாரிப்பதுகூட இல்லை. இல்லை என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே நாமே சொல்லிவிடுகிறோம். பண நட்டத்தை எப்படியும் ஈடு செய்யலாம். பிள்ளையின் படிப்புக் காலம் திரும்பி வருமா?

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மனதை மாற்றிக்கொண்டால் சம்பளம் கூடிவிடாது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ நெருங்கியபோது, மா வாங்கவே திண்டாடிய குடும்பங்களிடம், "நல்லதையே நினையுங்கள்" என்று சொல்வது பரிகாசம். நியாயமான சம்பளம் கேட்பது ஒரு வேலை. கிடைக்கிற சம்பளத்தை இல்லாமை விழுங்கிவிடாமல் காப்பது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும்.

காப்பதற்கு வழி ஒன்று உண்டு. கை தாராளமாக இருக்கும் நாளிலேயே முடிவெடுத்துக் கட்டிவிடுவதுதான் அது. கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் விவசாயிகள் அடுத்த போகத்துக்கு உரம் வாங்க எண்ணுவார்கள். ஆனால் உரம் போடும் காலம் வரும்போது கையில் காசு இருக்காது. அறுவடை முடிந்த கையோடு பணத்தைக் கட்டச் செய்து, உரத்தை இலவசமாக வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்க ஏற்பாடு செய்தபோது, உரம் பாவித்தவர்கள் தொகை கூடியது. அவர்கள் மனிதர்கள் மாறவில்லை. முடிவெடுத்த நாள்தான் மாறியது.

நாமும் இப்படிச் செய்யலாம்:

சம்பள நாளன்றே, கடைக்குப் போகுமுன் ஒரு சிறு தொகையை ஒதுக்குவோம். 200 ரூபாவாக இருந்தாலும் பரவாயில்லை. கொழுந்து நல்லாக வரும் மாதங்களில், கைக்காசு கிடைத்தால் அதில் ஒரு பங்கையும் சேர்ப்போம். வறட்சி மாதத்தில் பேர் குறையும்போது அது வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் காக்கும்.

தீபாவளி முற்பணம் வாங்குமுன் தாளில் எழுதிப் பார்ப்போம். 20,000 ரூபா வாங்கி மாதம் 2,000 வீதம் வெட்டினால், பத்து மாதம் சம்பளம் குறையும். அந்தப் பத்து மாதத்தில் ஜனவரிப் பாடசாலைச் செலவும் வரும் அல்லவா?

கடன் பத்திரத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் ஓர் இரவு கழியட்டும். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், மாதம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, அந்த நெருக்கடியில் இல்லாத ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டுவோம். அவருடைய மனதில் இடம் இருக்கும்.

அடகுத் தவணை, கிளினிக் நாள், விண்ணப்ப முடிவு நாள் எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் தொங்கும் கலண்டரில் குறித்து வைப்போம். மனம் மறந்தாலும் சுவர் மறக்காது.

புருஷனும் பெண்சாதியும் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பேச வேண்டும். சண்டை போட்ட நாளில் வேண்டாம், சம்பளம் வந்த நாளில் பேசுவோம். படிக்கிற பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.

எங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. சேமிப்புக் கூட்டங்களை மாதக் கடைசியில் வைக்காமல், சம்பளத்தை ஒட்டிய நாட்களில் வைப்போம். விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களை, "இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்று அதட்டாமல் உட்கார வைப்போம்.

அன்று கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு இப்போது பதில் சொல்கிறோம். அம்மா, உங்களுக்குப் புத்தி இல்லாமல் இல்லை. சுமைதான் கூட. சுமையை இறக்கி வைக்கிற அந்த ஒரு நாளில், நாளைக்கு வேண்டியதையும் சேர்த்து நாம் தீர்மானித்துக்கொள்வோம்.