பூஞ்சை கற்றுத் தரும் பாடம்

மழைக்காலத்தில் ரொட்டித் துண்டின் மேலும், ஊறுகாய்ச் சாடியின் வாயிலும், மூலையில் கிடக்கும் தோல் செருப்பின் மேலும் பஞ்சுபோல் படரும் பூஞ்சையைப் பாராதவர் உண்டோ? அருவருப்புடன் துடைத்து எறிந்துவிடுகிறோம். ஆனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் நேரும் ஒரு பிறவிக் குறைபாட்டை விளங்கிக்கொள்ள ஒரு பூஞ்சைதான் துணைபுரிந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதைப் பற்றி இங்குக் காண்போம்.

பூஞ்சையின் உடல் ஹைஃபா எனப்படும் மெல்லிய இழைகளால் ஆனது. ஸ்போர் ஒன்று ஈரம் கண்டதும் சற்றே பருத்து, ஒரு குழாயை வெளியே நீட்டுகிறது. அக்குழாய் நுனியில் மட்டுமே வளர்கிறது. உள்ளே உட்கரு மீண்டும் மீண்டும் பிரிகிறது. பிரிந்த உட்கருக்கள் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. மாலையில் கோத்த மணிகளைப்போல, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், இழை நெடுகப் பரவுகின்றன. ஆகவே இழை வளர இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். நுனியில் புதிய சுவர் எழவேண்டும்; அத்திசை நோக்கி உட்கருக்கள் பயணம் செய்யவேண்டும். இவ்விரண்டையும் ஆள்பவை ஜீன்களே.

முதலில் உட்கருக்களின் பயணத்தைப் பார்ப்போம். ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்பது 8 குரோமோசோம்கள் கொண்ட ஒரு பூஞ்சை. 1970-களின் நடுவில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரொனால்ட் மாரிஸ் என்ற விஞ்ஞானி இதனை ஆராய்ந்தார். ஒரு முக்கியமான ஜீன் முற்றிலும் கெட்டுவிட்டால் உயிரே நிலைக்காது. பிறகு எதை ஆராய்வது? எனவே அவர் 32 டிகிரி செல்சியஸில் நன்றாக வளர்ந்து, 42 டிகிரியில் மட்டும் தடுமாறும் வகைகளைத் தேடி எடுத்தார். அவற்றுள் சிலவற்றில் உட்கருக்கள் வழக்கம்போல் பிரிந்தன. ஆனால் இழைக்குள் செல்லாமல், வாசலில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம்போல் ஸ்போரிலேயே தங்கிவிட்டன. இதற்குக் காரணமான ஜீன்களுக்கு 'நட்' ஜீன்கள் என்று பெயர். 'உட்கருப் பரவல்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் இது.

இந்த ஜீன்கள் என்ன செய்கின்றன? 1994-ஆம் ஆண்டு விடை கிடைத்தது. 'நட்-ஏ' என்ற ஜீன், டைனீன் என்னும் புரதத்தின் முக்கியப் பகுதியை உண்டாக்குகிறது. செல்லுக்குள் தண்டவாளங்கள்போல் நுண்குழல்கள் ஓடுகின்றன. டைனீன் அவற்றின்மீது நடந்து சுமைகளை இழுத்துச் செல்லும் ஒரு நுண்ணிய எந்திரம். உட்கருவும் அதன் சுமைகளுள் ஒன்று.

மறு ஆண்டு, 1995-இல், இதனினும் பெரிய வியப்பு காத்திருந்தது. 'நட்-எஃப்' என்ற ஜீன், மனிதரிடம் 1993-இல் கண்டறியப்பட்ட 'லிஸ்-1' என்ற ஜீனை மிகவும் ஒத்திருந்தது! தாயின் வயிற்றில் குழந்தையின் மூளை உருவாகும்போது, நரம்பு செல்கள் உட்பகுதியில் பிறந்து வெளிப்புறம் நோக்கிப் பயணம் செய்கின்றன. அப்போது ஒவ்வொரு செல்லும் தன் உட்கருவை முன்னோக்கி இழுத்துச் செல்லவேண்டும். அதற்கு டைனீனும் லிஸ்-1 புரதமும் தேவை. இரண்டு லிஸ்-1 ஜீன்களில் ஒன்று கெட்டாலும் பயணம் தடைப்படும். மூளையில் இருக்கவேண்டிய மடிப்புகள் உண்டாகாமல் வழுவழுப்பாக அமைந்துவிடும். அக்குழந்தைகள் வலிப்பினாலும் வளர்ச்சிக் குறைவினாலும் துன்புறுகின்றனர்.

இக்குறைபாட்டைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் காரணம் தெரிந்ததே பெரும் நன்மை. பெரும்பாலும் இந்த ஜீன் மாற்றம் பெற்றோரிடம் இருப்பதில்லை. குழந்தையிடம் புதிதாகவே தோன்றுகிறது. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என்றும், முன்வினை என்றும் சொல்லி அழும் தாயை மேலும் அழவைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவள்மேல் எக்குற்றமும் இல்லை என்று விஞ்ஞானம் எடுத்துரைக்கிறது.

இனி, சுவரைப் பார்ப்போம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின், குளூக்கான் என்னும் பொருள்கள் உள்ளன. இறாலின் ஓட்டிலும் கைட்டின் உண்டு. சுவருக்கு வேண்டிய நொதிகள் சிறு பைகளில் இழையின் நுனிக்கு வந்து சேர்கின்றன. இவ்வேலைக்கு உதவும் சில ஜீன்கள் கெட்டால், ஸ்போர் குழாயாக நீளாமல் பலூன்போல் வீங்கிவிடுகிறது.

நம் செல்களுக்குச் சுவர் கிடையாது. எனவே சுவரை மட்டும் தாக்கும் மருந்து பூஞ்சையை அழிக்கும். நம் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2001-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட காஸ்போஃபஞ்சின் என்ற மருந்து, குளூக்கான் உண்டாவதைத் தடுக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் உடலில் பரவும் சில பூஞ்சைகளுக்கு எதிராக அது பயன்படுகிறது.

பூஞ்சை நம்மோடு ஒத்திருக்கும் இடத்தில் நம் நோயின் காரணம் தெரிந்தது; வேறுபடும் இடத்தில் மருந்து கிடைத்தது. இறைவனின் படைப்பில் அற்பமானது என்று எதையும் ஒதுக்க இயலாது. தோழியரே, அடுத்த முறை உயிரியல் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை மைக்ராஸ்கோப்பில் காணும்போது முகம் சுளிக்காமல் சற்று நேரம் உற்றுப் பார்ப்போமாக!