தண்டேல் சொன்னால் தூண்டிலைச் சுருட்டு! அலிபாக் கடலில் ஒரு முழு நாள்

மும்பையில் இருபது வருடம் குடியிருந்தும் கடலுக்குள் போகாத தமிழர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். கடல் என்றால் எனக்கு மெரைன் டிரைவ் சுவரும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும்தான்.

சென்ற மாசி மாதம் அந்தக் குறை தீர்ந்தது. தூண்டில் போட்டு மீன் பிடிக்க, அலிபாக் பக்கத்துக் கடலில் ஒரு நாள் முழுவதும் சுற்றினோம்.

நாங்கள் நான்கு பேர். மாட்டுங்காவில் இருந்து ஒரு வங்கி குமாஸ்தா. செம்பூரில் இருந்து ஒரு மெக்கானிக். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். இவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். நான்காவது ஆள், கணக்கு எழுதிப் பிழைக்கும் நான்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம், கடலோரம். அவருடைய தகப்பனார் வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர். "கடலைப் பற்றி நீங்க கவலைப்பட வேண்டாம். நான் இருக்கேன்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டார்.

பேரம்

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, கேட்வேயில் படகு ஏறினோம். ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஒரு கோளி மீனவர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

எங்களை அழைத்துச் செல்ல வேண்டியவர் அந்த ஊர்த் தண்டேல். தண்டேல் என்றால் படகின் தலைவர். தூத்துக்குடித் தோணிகளில் தண்டல் என்று சொல்கிறார்களே, அதே சொல்தான். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாங்கள் அவரைக் காகா என்று அழைத்தோம். பேச்சு எல்லாம் மும்பை இந்தியில்தான்.

படகு வாடகை, டீசல், தூண்டில், இரை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் கேட்டார். அண்ணாச்சி விடவில்லை. பேசிப் பேசி எட்டாயிரத்துக்குக் கொண்டு வந்தார். ஆளுக்கு இரண்டாயிரம். மாதச் சம்பளக்காரனுக்கு அது சின்னத் தொகை அல்ல.

இரவு அவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. அரிசி ரொட்டியும் போம்பில் குழம்பும் சாப்பாடு.

நிலாதான் கடிகாரம்

அதிகாலை மூன்றரை மணிக்கு எழுப்பிவிட்டார். எங்கள் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஆதார் அட்டைகளைச் சரிபார்த்தார். 2008 நவம்பர் 26 அன்று கொலைகாரர்கள் கடல் வழியாக மும்பைக்குள் வந்தார்கள் அல்லவா? அதன் பிறகு இந்தக் கரையில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பதில் கண்டிப்பு அதிகம்.

பிறகு ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை கொடுத்தார். "நமக்கு எதுக்கு இது?" என்றார் அண்ணாச்சி. போடாதவர் கரையிலேயே இருக்கலாம் என்றார் தண்டேல். அண்ணாச்சி போட்டுக்கொண்டார்.

நான்கு மணிக்குப் புறப்பாடு. பைபர் படகு. தண்டேலும் ஒரு இளம் கலாசியும் எங்களோடு வந்தார்கள். தேய்பிறை நிலா வெளிச்சம் இருந்தது. ஏன் இந்த நேரம் என்று கேட்டேன். தண்டேல் கூறியதாவது:-

"எங்கள் ஊர் கழிமுகத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் படகு போகும், வரும். வற்றிவிட்டால் வெறும் சேறு. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி நீர் ஏறி நிற்கும். நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி உதிக்கிறது. அதோடு நீர் ஏறும் நேரமும் தள்ளிப் போகும். இன்று பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். இரவு மூன்று மணியை ஒட்டி ஏறியது, இப்போது இறங்குகிறது. மறுபடி பிற்பகல் மூன்று மணிக்கு ஏறி நிற்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் நாம் இந்த வாய்க்குள் நுழைந்துவிட வேண்டும்."

அண்ணாச்சி சிரித்தார். "எங்க ஊர்ல எந்நேரமும் கரை ஏறலாம்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். திருச்செந்தூர் பக்கம் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. மும்பைக் கடலிலோ, பௌர்ணமி அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஒரு மாடி உயரத்துக்குக் கடலே ஏறி இறங்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கழிமுகத்தில் கொடுவா

முதல் வேட்டை கழிமுகத்திலேயே. நீர் இறங்கும்போது சதுப்புக் காட்டு வேர்களுக்குள் ஒளிந்திருந்த இறாலும் சிறு மீனும் வெளியே இழுக்கப்படும். அதைத் தின்னப் பெரிய மீன் வாயிலில் காத்திருக்கும். ஆகவே நங்கூரத்தை அங்கேதான் போட வேண்டும்.

உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று வங்கி நண்பரின் ராடு வில்லாக வளைந்தது. மீன் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறியது. "ஜிதாடா!" என்று கத்தினான் கலாசி. நம் ஊர்க் கொடுவா! ராய்கட் மாவட்டத்தில் இதற்குத் தனி மதிப்பு.

கரண்டி வலையில் ஏந்தி எடுத்துப் பார்த்தால், ஒரு முழம்கூட இல்லை. தண்டேல் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. தண்டேல் விளக்கினார்: கொடுவாக்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாக இருக்கும், வளர்ந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறும். குட்டியிலேயே பிடித்துத் தின்றுவிட்டால் முட்டை இடுவதற்கு மீன் ஏது?

அடுத்து ஒரு நல்ல கொடுவா கிடைத்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாது. அது பெட்டிக்குப் போயிற்று.

கெளுத்தி குத்தியது

மெக்கானிக்குக் கிடைத்தது கெளுத்தி. இங்கே ஷிங்காலா என்பார்கள். கொக்கியைக் கழற்ற வெறும் கையால் பிடித்துவிட்டார். முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அந்த முள்ளில் விஷம் உண்டு. ஆள் துடித்துப் போனார்.

கலாசி உடனே டீ போட வைத்திருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்தான். முள் துண்டு உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு, தோல் வெந்துபோகாமல் கை தாங்கும் அளவு சூடான நீரில் கையை அமிழ்த்தி வைத்தார்கள். சூட்டில் விஷத்தின் வீரியம் குறையும். ஒரு மணி நேரத்தில் வலி பாதிக்கு மேல் இறங்கியது. எனினும் வீடு திரும்பியதும் மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார் தண்டேல்.

கந்தேரிப் பாறைகள்

ஒன்பது மணிக்கு நீர் முழுவதும் வற்றியது. டீ குடித்துவிட்டுப் படகு வெளிக்கடலுக்குத் திரும்பியது. ஒரு மணி நேர ஓட்டம். எதிரே கந்தேரித் தீவு.

1679ஆம் ஆண்டில் சத்ரபதி சிவாஜி இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். மும்பைத் துறைமுகத்தின் வாசலில் மராட்டியக் கோட்டையா என்று ஆங்கிலேயர் கப்பல்களுடன் வந்து தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. பக்கத்தில் உந்தேரி என்ற இன்னொரு தீவு. அது ஜஞ்சீரா சித்திகளின் வசம் இருந்தது. கந்தேரியில் உள்ள கலங்கரை விளக்கம் 1867இல் கட்டப்பட்டது.

தண்டேலுக்கு அந்த விளக்கம் இன்னொரு வேலையும் செய்கிறது. விளக்கம் ஒரு மலை முகட்டோடு நேர் கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் கரையில் உள்ள ஒரு மரத்தோப்பு கோட்டைச் சுவரின் முனையைத் தொட வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் கடலடிப் பாறை. படகில் ஜி.பி.எஸ். கருவியும் இருந்தது. அதை அவர் கடைசியில்தான் பார்த்தார்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "எங்க அப்பாவும் கோயில் கோபுரத்தை வச்சுத்தான் பார் பார்ப்பாங்க" என்றார். நம் ஊரில் கடலடிப் பாறைக்குப் பார் என்று பெயர். அப்போதிருந்து இருவரும் நெருங்கிவிட்டார்கள். மீன்களுக்கு ஊர்ப் பெயர் சொல்லி விளையாடினார்கள். பாப்லெட் நமக்கு வவ்வால். சுர்மை வஞ்சிரம். பாங்டா அயிலை. ராவஸ் காலா. ஹெக்ரு களவா.

பாறைக்கு மேல் களவா நான்கு கிடைத்தன. மதியம் கட்டுச் சோறு. சாப்பிட்டுக்கொண்டே தண்டேல் தன் கதையைச் சொன்னார். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாரளிப் பௌர்ணமி அன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்துப் புதுப் பருவத்தை வரவேற்பார்கள். ஆனால் முன்பு போல மீன் இல்லை. விளக்கு வெளிச்சம் காட்டி மொத்தமாக அள்ளுவதை மத்திய அரசு 2017இல் தடை செய்தது. அப்படியும் திருட்டுத்தனமாக அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். அவருடைய மகன் நவி மும்பையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

"நானும் அப்படி வந்தவன்தான்" என்றார் அண்ணாச்சி.

பத்து நிமிடம்

மணி மூன்றரை. காலையில் கண்ணாடி போல் கிடந்த கடலில் வடமேற்குக் காற்று கிளம்பி, அலை தலை தூக்கியது. அந்த நேரம் பார்த்துச் சுர்மைக் கூட்டம் ஒன்று வந்தது! தண்ணீர் கொதிப்பது போல் சிறு மீன்கள் சிதறின. அண்ணாச்சி ஒன்றைத் தூக்கிவிட்டார். மூன்று கிலோ இருக்கும். அடுத்ததும் கொக்கியில் மாட்டி, பாதியில் அறுத்துக்கொண்டு போனது.

"தூண்டிலைச் சுருட்டுங்கள்" என்றார் தண்டேல். மணி நான்கு ஆக ஐந்து நிமிடம்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை முதல் காத்திருந்தது இதற்குத்தானே? "பத்தே நிமிஷம் காகா" என்று கெஞ்சினோம். அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "எட்டாயிரம் கொடுத்திருக்கோம். நாங்களும் கடல் பார்த்தவங்கதான்" என்றார். சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு படகைக் காட்டினார். அவர்கள் தூண்டிலை எடுக்கவில்லை.

தண்டேல் குரலை உயர்த்தவில்லை. "உங்கள் எட்டாயிரத்தில் மீனுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை சேட். மீன் கடலுடையது. உங்களை வீட்டுக்கு அனுப்பத்தான் நான் பணம் வாங்கினேன்" என்றார்.

இஞ்சின் ஓடத் தொடங்கியது. படகில் ஒருவரும் பேசவில்லை.

கழிமுகத்தை நெருங்கியபோது மணி ஐந்து. கலாசி முன்னால் நின்று மூங்கில் கழியால் ஆழம் பார்த்தபடி வந்தான். இஞ்சின் விசிறி சேற்றைக் கிளறி, தண்ணீர் காப்பி நிறமாயிற்று. இரண்டு முறை அடி உரசியது. படகில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஒருவழியாக உள்ளே வந்து சேர்ந்தோம்.

அந்த இன்னொரு படகு முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. வாயிலிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கி நடக்கவும் முடியாது. இடுப்பு வரை புதையும். மறுபடி தண்ணீர் ஏறி, நடுநிசி தாண்டித்தான் அவர்கள் கரை சேர்ந்தார்கள் என்று மறுநாள் தண்டேல் போனில் சொன்னார். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் குளிரிலும் இருட்டிலும் அலை மோத ஏழு மணி நேரம் காத்துக்கிடந்தார்கள்.

நாங்கள் கரை ஏறியதும் மீனைப் பங்கிட்டோம். அண்ணாச்சி தன் பையில் இருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துத் தண்டேலின் கையில் வைத்தார். பேரத்தில் குறைத்த அதே ஆயிரம். "டீசலுக்கு ஆகும்" என்று தண்டேல் வாங்கிக்கொண்டார்.

பன்வேல் பஸ்ஸில் அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:-

"எங்க அப்பாவும் இப்படித்தான். மீன் பாய்ஞ்சுக்கிட்டு இருக்கும். காத்து மாறினா, வலையை இழுன்னுடுவாங்க. சின்னப் பிள்ளையில எனக்குக் கோபம் கோபமா வரும்."

போக விரும்புகிறவர்களுக்கு

அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை கடல் அமைதியாக இருக்கும். மழைக்காலத்தில் போகாதீர்கள்.

பயணிகளை ஏற்ற உரிமம் உள்ள படகா, ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பலர் இறந்ததை மறக்க வேண்டாம்.

அடையாள அட்டை, தொப்பி, குடிநீர், குமட்டலுக்கு மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். கெளுத்தியை வெறும் கையால் தொடாதீர்கள். குட்டி மீனைத் திருப்பி விடுங்கள்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று புறப்படும் முன்பே தண்டேலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்ன நேரம் வந்துவிட்டால், தூண்டிலில் திமிங்கிலமே மாட்டியிருந்தாலும் சுருட்டிவிடுங்கள்!