இரட்டைப் புகைக்குழாயால் வலு கூடுமா?

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவரோ, பழைய காரொன்றை அவ்வாறு ஆக்கிக்கொள்ள விரும்புபவரோ பெரும்பாலும் முதலில் கைவைப்பது அதன் புகைக்குழாயிலேயாகும். பின்புறத்தில் ஒரு குழாய் இருந்த இடத்தில் வலமும் இடமுமாக இரண்டு வந்துவிட்டால் வாகனத்தின் வலுவும் கூடிவிடும் என்ற நம்பிக்கை வாகனப் பிரியர்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இதில் உண்மை அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. எனினும் எந்த இயந்திரத்துக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அறியாது பெருந்தொகையைச் செலவிடுவோர் பலர் உள்ளமையால் இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

இயந்திரத்திலிருந்து புகை ஒரே சீரான ஓட்டமாக வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வெளியேற்று வால்வும் திறக்கும்போது உயர் அழுக்கத்துடன் கூடிய வாயுத் துடிப்பு ஒன்று குழாயினுள் பாய்கின்றது. அத்துடிப்பின் பின்னால் அழுக்கம் குறைந்த வெளியொன்று தோன்றி, அடுத்து வரும் எரிவாயுவைத் தன்பால் இழுத்துக்கொள்கின்றது. குழாயின் அகலம் சரியாக அமைந்தால் இந்த இழுவையே சிலிண்டரைச் சுத்தமாகக் காலியாக்கி, புதிய கலவை நிறைவதற்கு வழிசெய்கின்றது. குழாய் ஒடுங்கியதாயின் இயந்திரம் புகையைத் தள்ளுவதிலேயே தன் வலுவின் ஒரு பகுதியை இழக்கும். மாறாக, அளவுக்கு மிஞ்சி அகன்றதாயின் வாயுவின் வேகம் தணிந்து இழுவை குன்றும். மெதுவாகச் செல்லும்போது வாகனம் சோர்ந்துபோகும். "இயந்திரத்துக்குப் பின்னழுக்கம் தேவை" என்று சில வேலைத்தளங்களில் கூறப்படுவது இந்த இரண்டாவது நிலையைத் தவறாக விளங்கிக்கொண்டதன் விளைவேயாகும். தேவைப்படுவது வாயுவின் வேகமேயன்றி அழுக்கம் அன்று.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். 57 மில்லிமீற்றர் விட்டமுடைய இரு குழாய்களின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 5,100 சதுர மில்லிமீற்றர் ஆகும். 76 மில்லிமீற்றர் விட்டமுடைய ஒரே குழாயின் பரப்போ ஏறத்தாழ 4,540. ஆகவே இரட்டைக் குழாயே சிறந்தது என முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 81 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் குழாய் அந்த இரண்டுக்கும் ஈடாகிவிடுகின்றது. அத்துடன் இரு குழாய்களின் உட்சுவரோ இந்த ஒன்றின் சுவரைவிட ஐந்தில் இரு பங்கு அதிகமானது. சுவர் கூடும்போது உராய்வும் கூடும், இரும்பின் நிறையும் கூடும். பெரிய ஒற்றைக் குழாயின் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரின் அடித்தளத்தில் அதற்கு இடம் காண்பது அரிது. வேகத்தடைகள் நிறைந்த எமது வீதிகளில் இது சிறிய விடயமன்று.

அவ்வாறாயின் இரட்டைக் குழாய் எங்கே உண்மையில் உரியது? வீ வடிவில் அமைந்த எட்டு சிலிண்டர் இயந்திரங்களில் என்பதே விடை. அங்கு நான்கு சிலிண்டர்கள் ஒரு பக்கமும் நான்கு மறுபக்கமும் இருப்பதால் இரு புகைவழிகள் இயல்பாகவே தோன்றிவிடுகின்றன. ஆயினும் அமெரிக்கக் கார்களில் பெரிதும் காணப்படும் வகையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பக்கத்துச் சிலிண்டர்களின் துடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. 90, 180, 270, 180 பாகை என ஒழுங்கற்று வருகின்றன. இந்த வகை இயந்திரத்துக்கே உரிய உறுமலின் காரணமும் இதுவே. இதனால் இரு குழாய்களையும் இறுதிவரை தனித்தனியே கொண்டுசெல்வதைவிட, நடுவில் ஓர் இணைப்புக் குழாயால் தொடுத்துத் துடிப்புகளைச் சமப்படுத்துவதே உகந்தது. இணைப்பில்லாத இரட்டைக் குழாயைப் பொருத்திவிட்டு வலு கூடவில்லையெனக் குறைபடுவோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

செவ்ரோலே நிறுவனத்தின் கொர்வெட் காரின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1953இல் வெளிவந்த முதலாவது கொர்வெட் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களையும் 150 குதிரைவலுவையும் கொண்டிருந்தது. அதிலேயே இரட்டைக் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. 1975இல், அமெரிக்காவின் வளி மாசுச் சட்டங்களுக்கு அமைய வினையூக்கி மாற்றி இணைக்கப்பட்டபோது, இரு பக்கங்களிலிருந்தும் வந்த குழாய்கள் ஒரே மாற்றிக்குள் செலுத்தப்பட்டு, அதன் பின்னர் மீண்டும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. பின்னால் நின்று பார்த்தவருக்கு அது வழமையான இரட்டைக் குழாய்க் கார்தான். நடுவிலோ ஒற்றை வழி. அடிப்படை இயந்திரத்தின் வலு 1974இல் இருந்த 195 குதிரைவலுவிலிருந்து 165ஆகக் குறைந்தது. இந்த வீழ்ச்சி முழுவதையும் ஒற்றை மாற்றியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. எனினும் வாலில் தெரியும் குழாய்களின் எண்ணிக்கை எதையும் நிறுவுவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

2015ஆம் ஆண்டின் போர்ட் மஸ்டாங் கார்களிலும் இதே நிலைதான். எட்டு சிலிண்டர் வகையும் டேர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் வகையும் பின்புறத்தில் இரு வாய்களுடனேயே வந்தன. பிந்தியதில் ஒற்றைக் குழாய் பின்பகுதியில் பிரிந்து செல்கின்றது, அவ்வளவே.

எமது நாட்டில் இக்கேள்வியை எழுப்புவோரில் பெரும்பாலானோரிடம் இருப்பதும் நான்கு சிலிண்டர் இயந்திரமே. அதன் சிலிண்டர்கள் யாவும் ஒரே பக்கத்தில் ஒரே வழியில் புகையை விடுவதால் ஒற்றைக் குழாயே அதற்கு இயல்பானது. 1989இல் அறிமுகமாகி உலகெங்கும் விரும்பப்பட்ட மஸ்டா எம்.எக்ஸ்.-5 காரும் ஒற்றைக் குழாயுடனேயே வந்தது. டேர்போ உள்ள கார்களுக்கு, டேர்பைனுக்குப் பின்னால் அகன்ற, வளைவு குறைந்த ஒரே குழாய் இருத்தலே நன்று. இத்தகைய கார்களுக்கு இரண்டாவது குழாய் அழகுக்கு மட்டுமே உதவும். அழகுக்காகச் செலவிடுவது அவரவர் விருப்பம். அதனை வலு என்று கூறி விற்பதையே நாம் ஆட்சேபிக்கின்றோம்.

ஒலியையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒலிச்சக்தி இருமடங்காகும்போது டெசிபல் அளவு மூன்றே மூன்றாலேயே கூடும் என்பதால் சிறிய எண்களையும் அலட்சியம் செய்தலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் வலுமிக்க ஸ்போர்ட்ஸ் கார்களின் புதிய வகைகளுக்கு 2016இல் 75 டெசிபல் என வகுத்த எல்லையை 2024இல் 72ஆகக் குறைத்தது. எமது நாட்டிலும் 2025ஆம் ஆண்டில், மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்கள் பொருத்திய வாகனங்களுக்கு எதிராகப் பொலிஸார் விசேட நடவடிக்கைகளை மேற்கொண்டனர்.

எனவே குழாயை மாற்ற விரும்புபவர் முதலில் வாகனத்தை உயர்த்தி, அதன் அடியில் குழாய் எங்கே ஒடுங்குகின்றது, எங்கே நசுங்கி வளைகின்றது என்பதைப் பார்ப்பாராக. பல சந்தர்ப்பங்களில் அந்த ஓர் இடத்தைச் சீர்செய்வதே போதுமானது. வினையூக்கி மாற்றியை அகற்றிவிட்டால் வலு பெருகும் என்று வேலைத்தளத்தில் எவரேனும் ஆலோசனை கூறினால் அதனை ஏற்கவேண்டாம். 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனையில் சித்தியடையாத வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. அத்துடன், சரியாக ஒட்டப்படாத இணைப்பொன்றினூடாகக் கசியும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிகள் மூடப்பட்ட காரினுள் இருப்பவர் அதனை அறியவே மாட்டார்.