பிடித்த மீனுக்குப் பெயர் என்ன?

ஹாருவானையும் தோமானையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லும் மாமாக்கள் நம் வீடுகளில் உண்டு. நமக்கு அது ஒரு திறமை, அவ்வளவுதான். ஆனால் கனடாவின் அல்பர்ட்டா மாநிலத்தில் ஆற்றோரம் தூண்டிலோடு நிற்பவருக்கு அந்தத் திறமை கட்டாயம் வேண்டும். கையில் துடிக்கும் டிரவுட் மீன் எந்த வகை என்று தெரிந்தால்தான், அதை வீட்டுக்குக் கொண்டு போகலாமா, உடனே தண்ணீரில் விட வேண்டுமா என்பது தெரியும்.

டிரவுட் என்பது குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழும் பல மீன்களுக்கான பொதுப்பெயர். எல்லாம் சால்மன் குடும்பம். வட அமெரிக்காவில் தூண்டிலில் அதிகம் பேசப்படுபவை ஐந்து: ரெயின்போ, கட்த்ரோட், பிரவுன், புரூக், புல். இவற்றுள் பிரவுன் டிரவுட் ஐரோப்பிய மீன். அதன் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டன. புரூக், புல் இரண்டும் பெயரில் டிரவுட் என்றாலும் 'சார்' எனப்படும் வேறு பிரிவைச் சேர்ந்தவை.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது

பெயரில் வானவில் இருப்பதால் ரெயின்போ டிரவுட்டை எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ வெள்ளிபோல் பளபளக்கும்; அதன் இளஞ்சிவப்புப் பட்டை மங்கிவிடும். முட்டையிடும் பருவத்தில் அதே மீனின் நிறம் அடர்ந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் நிறத்தைவிட அடையாளங்களையே தேடுகிறார்கள்.

முதலில் புள்ளிகள். வெளிர் உடலில் கரும்புள்ளிகள் இருந்தால் அது ரெயின்போ, கட்த்ரோட், பிரவுன் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். கருத்த உடலில் வெளிர்புள்ளிகள் இருந்தால் சார் பிரிவு.

அடுத்தது வால். ரெயின்போவின் வால் முழுக்கப் புள்ளிகள் இருக்கும். பிரவுன் டிரவுட்டின் வாலில் புள்ளிகள் மிகக் குறைவு. உடலிலோ, வெளிர் வளையம் சூழ்ந்த கரும்புள்ளிகளோடு சிவப்புப் புள்ளிகளும் தெரியும்.

பிறகு தாடையின் அடிப்பக்கம். அங்கே கத்தியால் கீறியதுபோல் செந்நிறக் கோடு இருந்தால் கட்த்ரோட். ஆனால் ரெயின்போவும் கட்த்ரோட்டும் கலந்து குஞ்சு பொரிக்கும். அந்தக் கலப்பினத்திலும் மங்கலாக அந்தக் கோடு தெரிவதுண்டு.

கறுப்பு இல்லையென்றால் விட்டுவிடு

மிகவும் சிக்கலானது புரூக், புல் ஜோடிதான். இரண்டுக்கும் வெளிர்புள்ளிகள், இரண்டுக்கும் வயிற்றுத் துடுப்புகளின் ஓரத்தில் வெள்ளை. வேறுபாடு முதுகுத் துடுப்பில் இருக்கிறது. புரூக் டிரவுட்டின் முதுகுத் துடுப்பில் கரிய கோடுகளும் திட்டுகளும் இருக்கும். புல் டிரவுட்டுக்கு அங்கே கறுப்பே கிடையாது.

இந்தச் சின்ன வேறுபாட்டில் ஒரு மீனினத்தின் உயிர் தொங்குகிறது. புல் டிரவுட் மெதுவாக வளரும். முட்டையிடும் வயதை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். கிழக்கிலிருந்து கொண்டு வந்து விடப்பட்ட புரூக் டிரவுட் அதன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. அதனோடு கலந்தும் விடுகிறது. 1995இல் அல்பர்ட்டா புல் டிரவுட்டைத் தன் மாநில மீனாக அறிவித்து, பிடித்தால் கட்டாயம் விட வேண்டும் என்றும் விதித்தது. 1999இல் அமெரிக்காவும் அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது. 'முதுகுத் துடுப்பில் கறுப்பு இல்லையா, திருப்பி விடு' என்பதுதான் அங்கு தூண்டில்காரர்களுக்குச் சொல்லித் தரும் பாடம்.

அறிஞர்களையும் ஏமாற்றிய மீன்

வல்லுநர்களுக்கே இது எளிதல்ல என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் சாட்சி. அங்குள்ள கிரீன்பேக் கட்த்ரோட், 1930களில் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1950களில் சில ஓடைகளில் கிடைத்த மீன்களை கிரீன்பேக் என்று நம்பி, பல ஆண்டுகள் உழைத்துப் பெருக்கினார்கள். 1994இல் அது மாநில மீனாகவும் ஆனது.

2012இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 19ஆம் நூற்றாண்டில் பிடிக்கப்பட்டு அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட மீன்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். பெருக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை வேறு வகை கட்த்ரோட் என்று தெரிய வந்தது. உண்மையான கிரீன்பேக் ஒரே ஓர் ஓடையில், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரருகே உள்ள பேர் கிரீக்கில், எஞ்சியிருந்தது. அந்த ஓடை அந்த மீனின் பூர்வீக ஆற்றுப்படுகையைச் சேர்ந்ததுகூட இல்லை. மனிதர் யாரோ கொண்டு வந்து விட்டதால்தான் அங்கே பிழைத்திருந்தது. அந்த மீன்களைக் கொண்டு வேலையை மீண்டும் தொடங்கினார்கள். அவை ஹெர்மன் கல்ச் என்ற ஓடையில் இயற்கையாகவே இனப்பெருக்கம் செய்வதாக 2022இல் மாநில வனவிலங்குத் துறை அறிவித்தது.

கண்ணாடிக் குப்பியில் நூறாண்டுக்கு மேல் கிடந்த மீன்கள் இதற்குக் கைகொடுத்தன. பிடித்தவர்கள் மீனோடு இடத்தையும் ஆண்டையும் குறித்து வைத்திருந்தது பயன்பட்டது. இன்று நம் கையில் கைப்பேசி இருக்கிறது. எந்த நாட்டு ஆற்றில் எந்த மீனைப் பிடித்தாலும் கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, பக்கவாட்டிலும் முதுகுத் துடுப்பிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளலாம். பெயர் தெரியவில்லை என்றால் மீனை விட்டுவிடலாம். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல யாராவது கிடைப்பார்கள்.