தோற்காத அணிக்கு ஏன் இடமில்லை?

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை அன்று, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கான அணிப் பட்டியல் வெளியானது. 12 அணிகள் ஆடிய முதல் சீசன் அது. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பிய பெற்றோர் உட்பட வாசகர்கள் பலர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: 2023-இல் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்த ஃபுளோரிடா ஸ்டேட் அணி எப்படி வெளியே நின்றது?

அந்த அணி 13 ஆட்டங்களில் 13 வெற்றி பெற்றது. எல்எஸ்யூவை 45-24 என வீழ்த்தியது. கிளெம்சனை அதன் சொந்த மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் வென்றது. நவம்பர் 18 அன்று, ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்தது. மாற்று வீரரை வைத்து ஃபுளோரிடாவை 24-15 என ஜெயித்தார்கள். அவருக்கும் தலையில் அடிபட, மூன்றாம் வரிசையில் இருந்த முதலாண்டு மாணவரை இறக்கி, லூயிவில்லை 16-6 என வென்று தங்கள் லீக்கான ஏசிசியின் சாம்பியன் ஆனார்கள். மறுநாள் தேர்வுக் குழு அறிவித்த நான்கு அணிகளின் பட்டியலில் மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா இருந்தன. அலபாமா ஒரு ஆட்டத்தில் தோற்ற அணி. ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்.

எந்த விதியின்படி?

தேர்வுக் குழுவில் 13 பேர். டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரில் ஒரு ஹோட்டலில் கூடி, ரகசிய ஓட்டு போடுகிறார்கள். தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறும் இந்த ஏற்பாடு நியாயமானதுதான்.

சிக்கல் வேறொரு விதியில் இருக்கிறது. முக்கிய வீரர் இல்லாதது இனி வரும் ஆட்டங்களைப் பாதிக்குமா என்பதையும் குழு கணக்கில் எடுக்கலாம். அதாவது, நடந்த ஆட்டங்களின் முடிவை நடக்காத ஆட்டத்தைப் பற்றிய ஊகம் தள்ளிவிடலாம். டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்றுதான் குழுத் தலைவர் பூ காரிகன் விளக்கம் சொன்னார். சிறந்த அணிகளைத் தேர்ந்தெடுப்பதே கடமை என்பது குழுவின் வாதம். யார் சிறந்தவர் என்று மைதானம் சொன்ன பிறகும் அதைத் தனியாக முடிவு செய்ய ஓர் அறை எதற்கு?

இந்த ஊகம் தவறாகலாம் என்பதற்குச் சாட்சி இதே பிளேஆஃபின் முதல் ஆண்டு. 2014-இல் ஓஹையோ ஸ்டேட்டும் மூன்றாவது குவாட்டர்பேக்கோடுதான் வந்தது. விஸ்கான்சினை 59-0 என நொறுக்கியதால் இடம் கிடைத்தது. கடைசியில் கோப்பையையும் அதுவே வென்றது.

அப்படியானால் பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றது, குழு சொன்னது சரி என்று காட்டவில்லையா?

இல்லை. பட்டியலில் இடமில்லை என்றானதும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் கனவுள்ளவர்களும் வேறு கல்லூரிக்கு மாறுபவர்களும் விலகிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆடவில்லை. ஒதுக்கியதன் விளைவையே ஒதுக்கியதற்குக் காரணமாகக் காட்டக் கூடாது. ஊகம் சரியா என்று சோதிக்க வேண்டிய ஆட்டத்தை அந்த ஊகமே நடக்கவிடாமல் செய்துவிட்டது. கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருந்தால் அணியின் பலம் தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் எழுதினார். காயம்பட்ட மாணவர் ஒருவரை அப்படி எண்ண வைக்கும் விதி மோசமான விதி.

12 அணி வந்த பிறகு இது தீர்ந்ததா?

பாதி. 2024 விதிப்படி, தரவரிசையில் முன்னின்ற 5 லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. மீதி 7 இடங்கள் குழுவின் கையில் இருந்தன.

அந்தக் காய விதி?

அப்படியே இருக்கிறது.

யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரியுமா?

தெரியாது; வெளியிடுவதில்லை. வெளியிட வேண்டும்.

ஃபுளோரிடா ஸ்டேட் போட்ட வழக்கு என்ன ஆயிற்று?

தன் லீக்கான ஏசிசி மீதே 2023 டிசம்பரில் வழக்குப் போட்டது; 2025 மார்ச்சில் அது சமரசத்தில் முடிந்தது.

2024-இல் அந்த அணி?

2 வெற்றி, 10 தோல்வி.